மாவு ஆறும் நேரம்

வைகாசி வெயில் உச்சியில் நிற்கும் வேளையில், பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஊறிய இரண்டு உள்ளங்கைகள் பின்னாலிருந்து வந்து கன்னங்களில் பதிந்தால் முதுகுத்தண்டு வரை ஒரு சிலிர்ப்பு இறங்கும். அந்தச் சிலிர்ப்பை எனக்கு அறிமுகம் செய்தவர், நெய்வேலியில் எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்த கிளாரா சித்தி. மாவைத் தொடுவதற்கு முன் அலுமினியச் சட்டியில் நிரப்பிய பனிநீரில் இரு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்தி, உள்ளுக்குள் ஏதோ ஜெபிப்பதைப்போல் கண்மூடிச் சற்று நிற்பார். வெளியே எடுத்ததும், துண்டில் துடைப்பதற்கு முன் என் கன்னங்களைத் தேடுவார். "கை சூடா இருந்தா வெண்ணெய் ஓடிப் பூடும் பாப்பா" என்பது கையைக் குளிர்விப்பதற்கு அவர் சொல்லும் காரணம். கன்னத்தைத் தொடுவதற்கு அவர் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவர் செய்த பலகாரத்துக்கு எங்கள் வரிசை வீடுகளில் "இனிப்பு பப்ஸ்" என்று பெயர் வழங்கிற்று. டவுன்ஷிப் பேக்கரியில் முட்டையையோ உருளைக்கிழங்கு மசாலாவையோ பொதிந்து விற்ற பப்ஸ் ஒன்றே நாங்கள் அறிந்தது என்பதால், அடுக்கடுக்காக நொறுங்கும் எதுவும் எங்களுக்கு பப்ஸ்தான். சித்தியோ அதை "மில்ஃபே" என்பார். பிரெஞ்சில் ஆயிரம் இலை என்று பொருளாம். புதுச்சேரியில் ரொட்டிக்கடை வைத்திருந்த அவருடைய தந்தை அந்தச் சொல்லை மூக்கால் உச்சரிப்பாராம். பொன்னிறமாக வெந்த மெல்லிய தகடு ஒன்று, அதன்மேல் அடித்து நுரைக்க வைத்த பாலேடு, அதற்கும் மேல் நறுக்கிய பழம், மறுபடி தகடு, மறுபடி ஏடு, மறுபடி பழம், உச்சியில் ஒரு தகடும் சல்லடையில் சலித்துத் தூவிய சீனிப்பொடியும். கடித்தால் தகடுகள் முறிவது காதுக்குள் கேட்கும். பாதி வாய்க்குள் போனால் மீதி சட்டையில் சிதறும். விரல்நுனியை எச்சில்படுத்தி அந்தத் துணுக்குகளை ஒற்றி எடுத்துத் தின்பதற்கென்று நாங்கள் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்வோம்.

அதன் சூட்சுமம் மடிப்பில் இருந்தது. மைதாவை உப்பும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீரும் விட்டுப் பிசைந்து விரித்து, நடுவே வெண்ணெயைக் கட்டியாக வைத்து, கடித உறையை மூடுவதுபோல் நான்கு பக்கமும் மூடுவார். பிறகு அதை நீளமாகத் தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரில் வைத்து, மறுபடி எடுத்து, திருப்பிப் போட்டுத் தேய்த்து, மறுபடி மடிப்பார். மடிக்க மடிக்க உள்ளே மாவும் வெண்ணெயும் மாறி மாறிப் படிந்துகொண்டே போகும். அடுப்பின் சூடு பட்டதும் வெண்ணெயிலும் மாவிலும் உள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வோர் ஏட்டையும் தனித்தனியே தூக்கிவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது, மற்றதெல்லாம் பொறுமைதான். ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு வெண்ணெய் இறுகும் வரை காத்திருப்பதை அவர் "மாவு ஆறணும்" என்று சொல்லுவார். அவசரப்பட்டு எடுத்தால் வெண்ணெய் மாவைக் கிழித்துக்கொண்டு வெளியே வழியும்.

இத்தனை குளிர்ச்சி தேவைப்படும் ஒரு பலகாரத்தை, சுரங்கத்திலிருந்து வீசும் காற்றே அனலாக வரும் ஊரில் செய்வது எப்படி என்று கேட்கலாம். அதற்கு இரண்டு வீடுகள் தேவைப்பட்டன. எழுபதுகளின் கடைசியில் எங்கள் வரிசையில் ஃபிரிட்ஜ் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அப்பா போனஸில் வாங்கியது. சமையலறையில் இடமில்லாததால் கூடத்தில் அவருடைய கட்டிலுக்குத் தலைமாட்டில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். சித்தி வீட்டில் அடுப்பு இருந்தது. அவருடைய கணவர் முருகேசன் சித்தப்பா, தெரிந்த வெல்டர் ஒருவரைப் பிடித்துக் கனத்த தகரத்தில் இரண்டு தட்டும் ஒரு கதவும் வைத்துச் செய்வித்த பெட்டி அது. கீழே "லெக்கோ", அதாவது எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியைப் பக்குவம் செய்து உருட்டிய கரிக்கட்டி, புகையில்லாமல் கனன்றுகொண்டிருக்கும். மாவு அங்கே பிறந்து, இங்கே வந்து ஆறி, மறுபடி அங்கே போகும். இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே இருந்த மருதாணி வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. ஈரத்துணி போர்த்திய தட்டை ஏந்தி அதன் வழியே போய்வருவது என் பொறுப்பு. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து உறங்கும் பகல்களில், ஃபிரிட்ஜின் கதவு முனகாமல் திறப்பதற்கு ஒரு கோணம் உண்டு என்பதையும் நான் கற்று வைத்திருந்தேன்.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் ஃபிரிட்ஜில் முட்டை நுழைந்ததில்லை. இதை அறிந்த கிளாரா சித்தி, தன் பிறந்தகத்து வழக்கப்படி முட்டை சேர்த்துக் காய்ச்சும் கிரீமைக் கைவிட்டு, எங்களுக்காகவே பாலேட்டுக்கு மாறிக்கொண்டார். எருமைப் பாலைக் காய்ச்சாமல் குளிரில் வைத்து, மேலே திரள்வதை அகப்பையால் வழித்துச் சேர்ப்பது அம்மாவின் பங்கு. அதைப் பனிக்கட்டிமேல் வைத்து அடிக்க வேண்டும். சற்று அதிகம் அடித்துவிட்டால் கிரீம் வெண்ணெயாகிவிடும். அம்மாவுக்கு மாவு விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. எதிர் வரிசையில் இருந்த வடநாட்டுக் குடும்பத்திடம் சப்பாத்தி கற்றுக்கொண்டு, அவர்களைவிட மென்மையாகச் செய்கிறார் என்று பெயர் வாங்கியிருந்தார். "மாவுன்னா பெசயணும்ட்டி, உசுரக் குடுத்துப் பெசயணும்" என்று சித்தியிடம் அடிக்கடி சொல்வார். சித்தி சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஓர் ஆபத்து இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கிளாரா சித்தி தன் வீட்டாரின் சம்மதமில்லாமல் மணம் செய்துகொண்டவர் என்பது வரிசை முழுவதும் அறிந்த செய்தி. முருகேசன் சித்தப்பா கம்மாபுரம் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, மைன்ஸில் "பர்மனென்ட்" ஆவதற்கு முன் மாவு மில்லில் வேன் ஓட்டியவர். அந்த வேனில் மைதா மூட்டை இறக்கப் போன இடம்தான் சித்தியின் தந்தை சவரிநாதனுடைய ரொட்டிக்கடை. சாதியும் வேறு, மதமும் வேறு. தன் கடையின் பின்வாசல் வழியே வந்து போனவன் என்பதுதான் பெரியவருக்கு எல்லாவற்றையும்விட உறைத்ததாம். மகளுடைய பெயரை அதன்பின் அவர் உச்சரிக்கவில்லை. மருமகனுக்கு அவர் வாயில் பெயரே இல்லை, "வேன்காரன்" மட்டுமே. சித்தி தந்தையைக் குறைகூறி நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தகடுகள் அடுப்பிலிருந்து வெளிவரும்போதும், ஒரு மூலையை ஒடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஏடுகளைப் பார்த்துவிட்டு, "அப்பாவது இன்னும் மேல எழும்பும்" என்பார்.

ஒரு வைகாசியில், சித்தியின் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகிப் பத்திரிகை வைக்கத் தந்தையே நேரில் வருகிறார் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. வருவது அவர் விருப்பமில்லை, தாயின் பிடிவாதம். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பிவிடுவார் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. அன்று மாலை சித்தி எங்கள் சமையலறைப் படியில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

"பச்சத்தண்ணி கூட குடிக்காம எழுந்து போயிட்டார்னா, நான் அந்தக் கல்யாணத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறதுக்கா? என் வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு?"

சாப்பிடாமல் போவார் என்பது ஏறக்குறைய உறுதி. சோறு போட்டால் வேண்டாம் என்பார். காப்பி கொடுத்தால் பழக்கமில்லை என்பார். மில்ஃபே வைத்தால் மட்டும், ஒரு மூலையையாவது ஒடித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது என்று சித்தி கணக்கிட்டார். முருகேசன் சித்தப்பா அன்றைக்கென்று காலை ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். "நான் இருந்தா வாசப்படி ஏற மாட்டாரு. நான் வர்றதுக்குள்ள அவரு வந்து போயிடட்டும்" என்று அவர் என் அப்பாவிடம் சொன்னதில் வருத்தம் தெரியவில்லை, அடுத்தவர் போக ஒதுங்கி வழிவிடுபவரின் சாதாரணக் குரல்தான் அது.

முந்தைய நாள் முழுவதும் சித்தி மாவு மடித்தார். நான் வேலிக்கு அப்பாலும் இப்பாலுமாக நடந்தபடி இருந்தேன். ஒரே ஒரு மடிப்பை மட்டும் காலைக் குளிர்ச்சிக்கு மிச்சம் வைத்துவிட்டு, மாவை எங்கள் ஃபிரிட்ஜில் ஒப்படைத்துப் போனார்.

மறுநாள் விடிந்ததும் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த அம்மாவின் கண்ணில் அது பட்டது. துணி சற்று விலகியிருந்தது. மாவின் விளிம்பில் வெண்ணெய் வரிவரியாகவும் திட்டுத்திட்டாகவும் தெரிந்தது. பாவம், இத்தனை முக்கியமான நாளில் பெண் பதற்றத்தில் சரியாகச் சேர்க்காமல் விட்டுவிட்டாளே என்று அம்மாவின் மனம் இளகிற்று. உதவி என்பது கேட்டுச் செய்வதில்லை என்ற எண்ணம் உள்ளவர் அவர். மாவைத் தாம்பாளத்தில் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தி, புரட்டி, வரியும் திட்டும் மறையும் வரை உயிரைக் கொடுத்துப் பிசைந்தார். வழவழவென்று ஒரு பந்தாக உருட்டி, அதே துணியில் சுற்றி, திருப்தியோடு உள்ளே வைத்தார்.

சித்தி வந்து துணியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். "திட்டுத்திட்டா நின்னுச்சுட்டி, நான் நல்லா பெசஞ்சு வச்சுட்டேன்" என்று அம்மா உள்ளிருந்து சொன்னார். சித்தி அந்தப் பந்தை வெகுநேரம் பார்த்தார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு அது அழுகையாக மாறிற்று. அம்மாவுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்தபோது அவர் சித்தியின் அருகே வந்து அமர்ந்தார். புதிதாகத் தொடங்கினால் பிற்பகலுக்கு முன் முடியாது. வருகிறவரோ நண்பகலுக்குள் போய்விடுவார். இரண்டு பெண்களும் இதைச் சொல்லிக்கொள்ளாமலே அறிந்திருந்தார்கள்.

சவரிநாதன் வந்தது வெயில் ஏறத் தொடங்கிய நேரம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. வேலி இடைவெளியில் நின்று பார்த்த எனக்கு முதலில் பட்டவை அவருடைய முன்கைகள். வாழ்நாளெல்லாம் அடுப்பின் வாய்க்குள் நீண்டு நீண்டு ரோமம் பொசுங்கி, குழந்தையின் தோலைப்போல் மொழுமொழுவென்றிருந்தன. வராந்தா நாற்காலியின் நுனியில் அமர்ந்து, பத்திரிகையை முக்காலியின்மேல் வைத்து, "உங்கம்மா அனுப்பிச்சா" என்றார். சித்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வேணாம். வழியில குடிச்சிக்கினுதான் வந்தேன்."

சித்தி சொம்பைப் பிடித்தபடியே நின்றார். அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அம்மா என்னை விலக்கிக்கொண்டு வேலியைக் கடந்து போனார், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி.

"ஐயா, நான் பக்கத்து வீடு. தப்பு ஒண்ணு பண்ணிட்டேன், உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. உங்களுக்குன்னு உங்க மக நேத்துப் பூரா மடிச்சு மடிச்சு வச்ச மாவு. வெண்ணெய் சேரலைன்னு நெனச்சு நான் போட்டுப் பெசஞ்சிட்டேன்."

பெரியவர் நிமிர்ந்தார். "பெசஞ்சிட்டீங்களா?"

"நல்லா பெசஞ்சேன் ஐயா. சப்பாத்திக்குப் பெசயுற மாதிரி."

உறவில் ஒரு சாவைக் கேட்டவரைப்போல் அவர் கண்களை மூடிக்கொண்டார். பிறகு, "கொண்டாங்க, பாப்போம்" என்றார்.

நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவர் கட்டைவிரலால் அந்தப் பந்தை ஓரிடத்தில் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. "இது இனிமே பிஸ்கோத்துக்குத்தான் ஆவும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பாமலே மகளிடம் கேட்டார்: "வெண்ணெய் மிச்சம் இருக்குதா?"

"இருக்குதுபா."

"மோர்த்தண்ணி போவ அழுத்தினியா?"

"துணியில கட்டி அழுத்தி வெச்சிருக்கேன்."

"அப்படிச் செய்யணும்னு யாரு சொன்னது?"

"நீதாம்பா."

பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. மாவை மட்டும் கலந்து குடுத்துட்டுப் போறேன்" என்றார், எங்கள் எல்லோருக்கும் பொதுவாக.

அப்படித்தான் அது தொடங்கிற்று. மாவு கலந்தாயிற்று, ஆனால் வெண்ணெயை உள்ளே வைத்து மூடுவதை அந்தச் சப்பாத்திக்காரியின் பார்வையில் விட்டுப்போக அவருக்கு மனமில்லை. மூடியாயிற்று; ஆனால் முதல் மடிப்புத்தான் கடினமானது, அதைத் தானே போட்டுவிட வேண்டும். கடப்பைக்கல் மேடையைப் பனிநீரால் துடைக்கச் சொன்னார். சித்தி நீட்டிய சட்டியில் கைகளை மணிக்கட்டு வரை அமிழ்த்திக் கண்ணை மூடிச் சற்று நின்றார். அதைப் பார்த்ததும் நான் சித்தியைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். மடித்த மாவு என் கைக்கு வந்தது. "ஓடாத பாப்பா. வெயில்ல நிக்காம, நிழலா பாத்துப் போ" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் தோட்டத்துப் பலா மரத்தின் நிழல் வேலி வரை விழுந்திருந்ததால் அது எளிதாக இருந்தது.

மாவு ஆற வேண்டும். அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை. வேலை தெரிந்தவர்களுக்கு இது பழகிய இடைவெளிதான். ஆனால் பல ஆண்டுகளாகப் பேசாத ஒரு தந்தையும் மகளும் ஒரே சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாக வேண்டிய இடைவெளியாகவும் அது இருந்தது. முதல் முறை அவர்கள் மாவைப் பற்றி மட்டும் பேசினார்கள். அடுத்த முறை கடையைப் பற்றி. அதற்கடுத்த முறை சித்தியுடைய அம்மாவின் முட்டிவலி, தங்கைக்கு வாய்த்த மாப்பிள்ளையின் குணம், வீட்டுக்குப் புதிதாய்ப் போட்ட ஓடு. நண்பகல் பேருந்து போய்விட்டதை என் அம்மா நினைவூட்டியபோது, "அடுத்த வண்டியில போய்க்கிறேன். இதை இப்பிடிப் பாதியில போட்டுட்டா போவ முடியும்?" என்றார். அந்த அடுத்த வண்டியும் ஒரு மடிப்புக்கும் மறு மடிப்புக்கும் இடையில் போயிற்று.

அடுப்பைத் திறந்து பார்த்தவர் தட்டின்மேல் ஒரு சிட்டிகை மைதாவை எறிந்து, அது நிறம் மாறுவதைக் கவனித்தார். "யாரு அடிச்சது இந்தப் பெட்டிய?" என்று கேட்டார். "அவருதாம்பா செய்யச் சொன்னாரு" என்றார் சித்தி. கதவு ஒருபுறம் பொருந்தவில்லை என்று பெரியவர் குறை சொன்னார். சற்றுக் கழித்து மறுபடி கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "சூடு நிக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பழத்துக்கு அவர் அன்னாசி டின் கேட்டார். எங்களிடம் அது எங்கே இருக்கிறது? எங்கள் மரத்துப் பலா அன்றுதான் கனிந்திருந்தது என்று அம்மா சொன்னபோது, "பலாவா? அதை எவன் கேக்குல வெப்பான்?" என்று முகம் சுளித்தார். ஆனால் மறுக்கவில்லை.

மடிப்புகள் நிறைந்துவிட்டன என்று சித்தி கணக்குப் பார்த்து, "போதும்பா, அடுப்பு தயாரா இருக்குது" என்றார். பெரியவர் மாவின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இன்னும் ஒண்ணு போடணும்."

அந்த ஒரு மடிப்பு தேவையே இல்லாதது என்பதைச் சித்தி அறிவார். அம்மாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றார். நான் மறுபடி தட்டை ஏந்தி நிழல் வழியே நடந்தேன்.

அந்தக் கடைசி மடிப்பும் முடிந்து, தகடு அடுப்புக்குள் எழும்பிக்கொண்டிருந்த வேளையில் ஷிப்ட் பஸ் முனையில் நிற்கும் சத்தம் கேட்டது. முருகேசன் சித்தப்பா வாசலில் பழக்கமில்லாத செருப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புருவத்தில், சட்டைக் காலரில் எல்லாம் பழுப்புத் தூசி. உள்ளே வராமல், திரும்பிப் போகவும் முடியாமல், வெளிக்குழாயடியில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவுவதுபோல் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். சமையலறையில் அம்மாவும் சித்தியும் பலாவோடு போராடிக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் சுளைகள் கிழிந்து வந்தன. பெரியவர் அடுப்புக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழாய்ச் சத்தம் நிற்காததைக் கேட்டவர், அந்தத் திசையில் குரல் கொடுத்தார்.

"எவ்ளோ நேரம் கழுவுவே? கைக்கு எண்ணெய் தடவிக்கினு உள்ள வா. இந்தப் பொம்பளைங்க சுளைய நார் நாரா கிழிச்சிக்கினு இருக்காங்க."

குழாய் நின்றது. "வர்றேங்க மாமா" என்று பதில் வந்தது. மாமா என்று அவர் அழைத்ததும், அந்த அழைப்பு மறுப்பில்லாமல் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அதுதான் முதல் முறை.

சித்தப்பா தரையில் குந்தி அமர்ந்து பலாவைப் பிளந்தார். அது பலாவில் பழகிய அவர் ஊர்க் கை. சுளைகள் முழுமுழுதாகக் கழன்று வந்தன. அம்மா கிரீம் அடித்தார். காலையில் ஒரு கொலை செய்தவர் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடித்தார். அவர் "போதும், நிறுத்துங்க" என்றதும் கையைச் சுட்டுக்கொண்டவர்போல் விட்டார். தகடு வெளியே வந்தபோது நாங்கள் யாரும் அதுவரை கண்டிராத உயரம். ஆறவிட்டு, ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தியால் நீள்துண்டுகளாக அறுத்து, பாலேடும் மெல்லிசாகக் கீறிய பலாச்சுளையும் அடுக்கி, சீனியைத் தூவினார் பெரியவர். ஒவ்வொருவருக்கும் அவரே தட்டில் வைத்துக் கொடுத்தார். சித்தப்பாவின் தட்டையும் அவரே நீட்டினார்.

தனக்கென்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சித்தி ஒரு துண்டை வைத்து அவர்முன் கொண்டுபோய் நின்றார். சமையலறையில் யாரும் மெல்லவில்லை. பெரியவர் மூலையை ஒடித்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஏடுகளைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். ஒரு துண்டு முழுவதையும் தின்று முடித்தார். மீசையில் ஒட்டிய சீனியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "பலா பரவால்ல" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "தண்ணி குடு" என்றார்.

காலையில் திரும்பிப்போன அதே சொம்பு. சித்தி அதை இரண்டு கையாலும் பிடித்து நீட்டியதும், அவர் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்ததும், தொண்டை ஏறி இறங்கியதும் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன.

இருட்டிய பிறகு, கடலூர் வழியாகப் புதுச்சேரி போகும் கடைசிப் பேருந்தும் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அதற்கு அவர் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் காலை சித்தப்பாதான் அவரைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப்போனார். மனைவிக்குக் கொடுக்கப் பெரியவர் கையில் ஒரு டப்பா இருந்தது. அதில், அம்மா பிசைந்த மாவில் சித்தி அதிகாலையில் சுட்ட பிஸ்கோத்து. திருமணத்துக்கு சித்தியும் சித்தப்பாவும் முதல் நாளே போனார்கள், நாங்களும் போனோம். வரவேற்பில் பெரியவர் என் அம்மாவைத் தன் உறவினரிடமெல்லாம் அழைத்துச் சென்று, "இவங்கதான் மாவைப் பெசஞ்சவங்க" என்று அறிமுகம் செய்துவைத்தார். அம்மாவுக்கு வெட்கம் ஒரு பங்கு என்றால் பெருமை இரண்டு பங்கு. நல்ல பிஸ்கோத்தா அது என்று அம்மா கேட்டபோது மட்டும் பெரியவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நிலைத்தது. விருந்தினர் யாராவது குடையையோ பையையோ எடுத்துக்கொண்டு எழுந்தால், "இருங்க, மாவு இன்னும் ஆறலை" என்பார் அம்மா. அடுப்பில் ஒன்றுமே இருக்காது. கதை தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். தெரியாதவர்கள் என்ன மாவு என்று கேட்பார்கள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பேருந்து போயிருக்கும்.

நாங்கள் இருந்த வரிசை இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அந்த ஊரின் விதி. நட்ட மரங்களை யாரும் எடுத்துப்போக முடியாது. போன ஆண்டு போய்ப் பார்த்தபோது மருதாணி வேலி காடாக வளர்ந்து அந்த இடைவெளியை மூடிவிட்டிருந்தது. பலா மட்டும் காய்த்துத் தொங்கிற்று. பறிக்க ஆளின்றிப் பழுத்து விழுந்தவை அடியில் வெடித்துக் கிடந்தன. என் அம்மா இல்லை, பெரியவர் இல்லை. சித்தியும் சித்தப்பாவும் மேல்பட்டாம்பாக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். தகரப் பெட்டி அவர்கள் மாடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. சென்னையில் நான் வசிக்கும் தெருமுனைக் கடையில் மடித்து உறையவைத்த மாவே தகடாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் இருக்கிறது. எந்த வீட்டு மாவும் இன்னொரு வீட்டுக்குப் போய் ஆற வேண்டியதில்லை.

நானும் வைகாசியில் ஒருமுறையாவது அதைச் செய்கிறேன், பலாச்சுளை வைத்தே. கடை மாவை வாங்குவதில்லை. கையைப் பனிநீரில் அமிழ்த்தி எடுத்ததும் பக்கத்தில் எந்தக் கன்னம் இருக்கிறது என்று தேடுகிறேன். வருகிறவர்கள் பிரியமாகத்தான் வருகிறார்கள். தட்டைக் காலி செய்கிறார்கள். பிறகு கைப்பேசியைப் பார்த்து, வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். மாவு இன்னும் ஆறவில்லை என்று சொல்ல வாயெடுத்து நான் நிறுத்திக்கொள்கிறேன். அவர்கள் தவறவிடுவதற்கு ஒரு பேருந்து இல்லை.